கேஸ் கீசர் சரியாகப் பற்றுவதில்லை, சில நாள் டிக் டிக் என்கிறது, சில நாள் சத்தமே இல்லை. நாமே பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பாதிதான். தண்ணீர் வரும் பக்கமும் பேட்டரியும் உங்கள் வேலை, கேஸ் போகும் பக்கம் மெக்கானிக் வேலை. கீசர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. உள்ளே என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், ரிப்பேரும் வேண்டாம், முதலில் அதைக் கழற்றி வெளிக்காற்று படும் இடத்துக்கு மாற்றுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆள் மயங்கி விழுந்தபிறகுதான் வெளியே தெரியும்.

வெளியேதான் இருக்கிறது என்றால், சரி, ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நம்ம வேலூரில் இந்தக் கீசர் ஓடுவதே மார்கழி, தை என்று கொஞ்ச நாள்தான். கத்திரியில் மாடித் தொட்டித் தண்ணீரே கைவைக்க முடியாத சூட்டில் வரும்போது கீசரை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? மாதக்கணக்கில் சும்மா கிடக்கிற மெஷினில் உள்ளே நின்ற போர் தண்ணீர் காய்ந்து உப்புக் கட்டும், பேட்டரி கசியும், ரப்பர் விறைக்கும், பர்னர் ஓட்டைக்குள் பூச்சி கூடு கட்டும். அதனால்தான் "போன வருஷம் நல்லா ஓடிச்சே" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

டிக் டிக் சத்தம் வந்தும் பற்றாத நாளுக்கு முதல் சந்தேகம் பேட்டரிமேல். பெரும்பாலான கீசர்களில் அடியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் டார்ச் லைட்டில் போடும் பெரிய செல் இரண்டு இருக்கும், இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். தேய்ந்த செல் பொறியைத் தட்டிவிடும், ஆனால் கேஸைத் திறக்கும் வால்வை இழுத்துப் பிடிக்க அதற்குத் தெம்பு இருக்காது. இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள், தகட்டில் பச்சையாகப் பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். புது சிலிண்டர் மாற்றிய கையோடு பற்றவில்லை என்றால் ஹோஸுக்குள் காற்று நிற்கும், தண்ணீர்க் குழாயை மூடி மூடி இரண்டு மூன்று முறை திறந்தால் சரியாகிவிடும். அதற்கும் பற்றவில்லையென்றால் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தால் எரியாத கேஸ் உள்ளே சேர்ந்து ஒரேயடியாகக் குப்பென்று பிடிக்கும்.

சத்தமே வராத நாள்தான் முக்கியம், அது அனேகமாகத் தண்ணீர்ப் பிரச்சினை. உள்ளே டயஃப்ரம் என்று ஒரு வட்ட ரப்பர் இருக்கிறது, தண்ணீர் வேகமாக வந்து அதை உந்தினால்தான் சுவிட்ச் விழும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். கீழ் வீட்டுக்கு மொட்டைமாடித் தொட்டி நாலு மீட்டர் மேலே இருக்கும், 0.4 பார், தாராளம். மாடி போர்ஷனில் தொட்டி தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், கிடைப்பது அதில் பாதிகூட இருக்காது. நான் இருக்கும் காட்பாடி வீடும் மாடி போர்ஷன்தான், தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினால் கீசர் ஊமையாகிவிடும். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம், தொட்டிக்கு ஸ்டாண்ட் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சின்ன பிரஷர் பம்ப்.

இதைக் கண்டுபிடிக்க ஷவர் தலையைக் கழற்றிவிட்டுப் பக்கெட்டில் பிடியுங்கள். ஷவரைக் கழற்றியதும் பற்றிக்கொண்டால் குற்றவாளி கீசர் அல்ல, ஷவர் ஓட்டையில் அடைத்த உப்பு. 10 லிட்டர் பக்கெட் நிரம்ப நாலு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஓட்டம் போதாது. அப்புறம் ரெகுலேட்டரை அணைத்து, கேட் வால்வை மூடி, தண்ணீர் உள்ளே போகும் இடத்து நட்டைக் கழற்றினால் சின்ன வலை ஒன்று இருக்கும். சாயந்திரம் அதை வினிகரில் போட்டுவிட்டு, காலையில் பழைய டூத்பிரஷால் தேய்த்து, டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுங்கள். பாதிக்கு மேல் பிரச்சினைகள் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஒருவேளை நன்றாகப் பற்றி நடுவில் அணைகிறது என்றால் பயப்பட வேண்டாம், பல மாடல்களில் 20 நிமிடத்தில் தானே அணையும்படி டைமர் உண்டு.

தீ மஞ்சளாக எரிந்தாலோ, மேல்மூடியில் கரி படிந்திருந்தாலோ மூடியைத் திறக்காதீர்கள். ஊசியை விட்டு பர்னர் ஜெட்டைக் குத்துகிற வேலையும் வேண்டவே வேண்டாம், ஓட்டை பெரிதானால் தீயின் அளவே மாறிவிடும். கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, லைட் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்கு அடியுங்கள். இணைப்புகளில் கசிவு பார்க்க சோப்பு நுரை போதும், தீக்குச்சியைக் கொண்டுபோகும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்!

டயஃப்ரம் கிழிந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னால் கழற்றிய பழையதை அவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் அளவு வேறு, கடையில் கையில் காட்டினால்தான் சரியானது கிடைக்கும். பங்குனி பிறந்ததும் மறக்காமல் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.