மூத்தவளின் இரவு வேலை

கேள்வி: சுவீடனின் ஹெல்சிங்போர்க் நகரில் இருபது வருடங்களாக வாழ்கிறோம். பதினேழு வயதான என் மகன் உள்ளூர்க் கழகம் ஒன்றில் முன்வரிசை வீரனாக உதைபந்தாட்டம் விளையாடுகிறான். உயர்தரப் பாடசாலையில் இன்னும் ஒரு வருடம் இருக்கும்போதே படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் விளையாடப் போவதாகச் சொல்கிறான். இதே ஊரில் பிறந்த உதைபந்தாட்ட வீரர் ஹென்ரிக் லார்சன் இருபது வயதிலும் சிறிய கழகத்தில்தான் இருந்தார், பிறகு பார்சலோனா வரை போனார் என்பது அவனுடைய வாதம். என் கணவர் சம்மதிக்கவில்லை. வீட்டில் தினமும் சண்டை. மகனுக்குத் தனியாகவும் ஒரு பயிற்றுநரை வைத்திருக்கிறோம். அந்தச் செலவுக்காக மூத்த மகள் தனக்குக் கிடைத்த தாதியர் படிப்புக்கான இடத்தை ஏற்காமல் முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்கிறாள். அது அவளாகவே விரும்பி எடுத்த முடிவு. தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். மகனை அவன் போக்கில் விடுவதா, படிப்பை முடிக்கும்படி வற்புறுத்துவதா?
ஒரு தாய், ஹெல்சிங்போர்க்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வரி போதும்: மகன் பாடசாலையை முடிக்க வேண்டும். படிப்பையும் விளையாட்டையும் ஒன்றாகக் கொண்டுபோகும் உயர்தரப் பிரிவுகளே சுவீடனில் இருக்கும்போது, ஒன்றுக்காக மற்றதைக் கைவிடுவேன் என்பது பிடிவாதமே தவிர இலட்சியம் அல்ல. இதை உங்கள் கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆகவே நான் எழுத உட்கார்ந்தது, கடிதத்தின் கடைசியில் செலவுக் கணக்கைப் போல நீங்கள் சொல்லிக் கடந்துபோன உங்கள் மகளைப் பற்றி.

லார்சனை உங்கள் மகன் சாட்சிக்கு அழைத்திருப்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். கேப் வெர்டேயிலிருந்து வந்த தந்தைக்கும் சுவீடன் தாய்க்கும் 1971 செப்டெம்பரில் உங்கள் நகரத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதில் ஹோகாபோர்க் என்ற சிறிய கழகத்தில் சேர்ந்து, இருபது வயது வரை அங்கேயே கீழ்ப் பிரிவுகளில் ஆடினார் என்பது உண்மைதான். ஆனால் அந்த வருடங்களில் அவர் பழங்களைப் பெட்டிகளில் அடுக்கும் வேலைக்குப் போனார் என்பதையும் உங்கள் மகன் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பகலில் கூலிக்கு உழைத்துவிட்டு மாலையில் பந்தோடு மைதானத்துக்குப் போன அந்த இளைஞர், 1992இல் நகரின் பெரிய கழகமான ஹெல்சிங்போர்க் ஐ.எஃப்.இல் சேர்ந்து, முதல் பருவத்திலேயே 31 ஆட்டங்களில் 34 கோல்கள் அடித்து, 24 வருடங்களாக முதற்பிரிவுக்கு வெளியே கிடந்த அக்கழகத்தை மீண்டும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். நெதர்லாந்தின் ஃபெயனூர்டும், ஸ்கொட்லாந்தின் செல்டிக்கும், பார்சலோனாவும் அதற்குப் பிறகு வந்தவை. தன் காலம் கனியும்வரை தன் பாரத்தைத் தானே சுமந்தவரை உதாரணம் காட்டும் உங்கள் மகன், தன் பாரத்தை அக்காவின் தோளில் ஏற்றியிருக்கிறான். அதுவும் தனக்கே தெரியாமல். அவனுக்குத் தெரியாமல் வைத்திருப்பவர் நீங்கள்.

"அவளாகவே விரும்பி எடுத்த முடிவு" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை நான் பல வருடங்களாகப் பல கையெழுத்துகளில் வாசித்து வருகிறேன். நம் வீடுகளில் மூத்த பெண்பிள்ளை எதையும் விரும்பிக் கொடுப்பதற்கு முன்பு, அடுக்களையில் பெற்றோர் தாழ்ந்த குரலில் பணம் பற்றிப் பேசுவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருப்பாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை என்பது சரியாகவே இருக்கலாம். கேட்காமலே கொடுக்கும்படி வளர்த்திருக்கிறீர்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. அவள் அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிய நாளில், "இல்லை மகளே, இதை நான் அனுமதிக்க மாட்டேன்" என்று நீங்கள் ஒரு தடவையாவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் கடிதத்தில் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். அங்கே குடியுரிமை உள்ளவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் கட்டணம் இல்லை. காசு கொடுத்தாலும் பல்கலைக்கழக இடம் எளிதில் கிடைக்காத நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த நாம், இலவசமாகக் கையில் வந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு தனிப் பயிற்றுநருக்கு மணிக்கணக்கில் காசு கொடுக்கிறோம். இதை எப்படி உங்களால் ஒரு தகவலைப் போல எழுத முடிந்தது?

இந்தத் தொழிலின் நிலையாமையையும் லார்சனின் வாழ்க்கையே காட்டுகிறது. 1999 ஒக்டோபரில், செல்டிக்கின் முதன்மையான கோல் வீரராக இருந்த நாளில், பிரான்சின் லியோன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய இடது கால் இரண்டு இடங்களில் முறிந்தது. பல மாதங்கள் விளையாடவில்லை. திரும்பி வந்து அடுத்த பருவத்தில் 53 கோல்கள் அடித்து ஐரோப்பாவின் தங்கப் பாதணி விருதையும் வென்றார் என்றால், அதற்கு அவருடைய மன உறுதியோடு, சம்பளம் நிற்காத ஒப்பந்தமும் கழகத்தின் மருத்துவர்களும் காரணம். உங்கள் மகனின் முழங்கால் ஒரு மழைநாள் ஆட்டத்தில் திரும்பிவிட்டால் அவனுக்கு என்ன இருக்கிறது? அக்காவின் இரவுச் சம்பளம் இருக்கிறது. ஒரே காலின் மேல் இரண்டு பிள்ளைகளின் எதிர்காலத்தை ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

2006 மே மாதம் பாரிஸில் நடந்த, ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதியாட்டத்தை உங்கள் மகன் காணொளியில் நிச்சயம் பார்த்திருப்பான். பார்சலோனாவை எதிர்த்து ஆடிய ஆர்சனல் ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, மாற்று வீரராக இறங்கிய லார்சன் கொடுத்த பந்துகளில்தான் எட்டோவும் பெலெட்டியும் கோல் அடித்தார்கள். பார்சலோனா கிண்ணத்தை வென்றது. கோல் அடித்தவர்களின் வரிசையில் அவர் பெயர் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு பந்துகளையும் கொடுத்தவர் யார் என்று அரங்கம் முழுவதும் பார்த்தது, இன்றுவரை பேசுகிறது. உங்கள் மகள் கொடுப்பதையோ, அதை வாங்கிக்கொள்பவனிடமிருந்தே மறைத்திருக்கிறீர்கள். நன்றி சொல்லும் வாய்ப்பைக்கூட அவனுக்குக் கொடுக்காமல் அவனை வளர்க்கிறீர்கள். அப்படி வளர்ந்த ஆண்பிள்ளை நாளை தன் மனைவியிடமும் இதையே எதிர்பார்ப்பான்.

அந்த வெற்றிக்குப் பிறகு லார்சன் சொன்னபடியே ஹெல்சிங்போர்க்குக்குத் திரும்பினார். 2007இல் மன்செஸ்டர் யுனைடெட் அணிக்குச் சில வாரங்களுக்கு மட்டும் ஆடப் போனவரை இன்னும் இருக்கும்படி அதன் முகாமையாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் விரும்பியபோதும், வீட்டுக்கும் ஊர்க் கழகத்துக்கும் கொடுத்த வாக்கை நினைத்து மார்ச் மாதத்தில் திரும்பிவிட்டார். குடும்பத்துக்குத் தான் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்று தெரிந்திருந்த மனிதர் அவர். உங்கள் மகன் அவரைப் பின்பற்ற விரும்பினால் இதிலும் பின்பற்றட்டும். அதற்கு முதலில் அவனுக்கு உண்மை தெரிய வேண்டும்.

தனிப் பயிற்றுநரை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். கழகத்தில் கிடைக்கும் பயிற்சி போதாது என்று மகன் நினைத்தால், வார இறுதியில் ஒரு வேலை தேடித் தன் சம்பளத்தில் பயிற்றுநரை வைத்துக்கொள்ளட்டும். பழம் அடுக்கும் வேலை இப்போதும் இழிவானதல்ல. மகளிடம் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து மன்னிப்புக் கேளுங்கள். அவள் அழக்கூடும், தனக்கு ஒன்றும் இல்லை என்று மறுக்கக்கூடும். அதை நம்பி எழுந்துவிட வேண்டாம். ஏற்காமல் விட்ட இடம் அவளுக்காகக் காத்திருக்காது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இலையுதிர்காலப் பருவத்துக்கான கடைசித் திகதி ஏப்ரல் 15. அந்த விண்ணப்பத்தை அவள் நிரப்பும்போது மகனையும் மேசையில் உட்கார வையுங்கள். சென்ற வருடம் அவள் எதை, யாருக்காக விட்டாள் என்பதை நீங்களே உங்கள் வாயால் அவனுக்குச் சொல்லுங்கள்.