குதிகாலுக்கு மேலே வலியா? பாய்ச்சலை நிறுத்துங்கள்

அன்புள்ள கிள்ளான் வாசகருக்கு,

குதிப்புப் பயிற்சியால் முழங்கால் தேய்ந்து, வண்ணக் குண்டுகளால் சுட்டு விளையாடும் பெயிண்ட்பாலையே விட நேருமோ என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வயிற்றுப்போக்குக்காக வீட்டில் மிஞ்சியிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை நீங்களாகவே ஐந்து நாள் விழுங்கியதையும், அதன்பின் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலுக்கு மேலே வலித்து இழுப்பதையும் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் பதில் சொல்ல வேண்டியது அந்த வரிக்குத்தான்.

முழங்காலில் ‘சொடக்’ என்று சத்தம் மட்டும் கேட்டு, வலியோ வீக்கமோ இல்லையென்றால் அது கெடுதல் அல்ல. நொடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் வேகத்தில் வந்து மோதும் வண்ணக் குண்டு தொடையில் கன்றலை உண்டாக்கத்தான் செய்யும். அதை இணையத்தில் தேடி இரத்தப் புற்றுநோய் வரை போயிருக்க வேண்டியதில்லை.

குதிகாலுக்கு மேலே கயிறு போலக் கையில் தட்டுப்படுவதைப் பலரும் நரம்பு என்பார்கள். அது நரம்பல்ல; கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அக்கிலீஸ் தசைநாண். ஆட்டம் தொடங்கிய நொடியில் முதல் பங்கரை (மறைந்துகொள்ளும் தடுப்பை) நோக்கிப் பாயும்போது, பின்காலின் முன்பாதம் தரையில் ஊன்றி, குதிகால் சற்றே தாழ்ந்து, நீண்டிருக்கும் தசை சட்டென்று சுருங்கி உடலை உந்துகிறது. இந்தத் தசைநாண் அறுவது பெரும்பாலும் இத்தகைய உந்தலில்தான். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் அதை நலிவடையச் செய்யக்கூடும் என்பதால், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-ல் அவற்றின் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. எல்லோருக்கும் இது நேர்வதில்லை. ஆயினும் மாத்திரையை நிறுத்திச் சில மாதங்கள் கழிந்தும் நேரலாம் என்பதால், உங்கள் வலியை நான் சாதாரணப் பயிற்சி வலியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே இன்றிலிருந்து பாய்ச்சலும் குதிப்பும் வேண்டாம். இந்த வாரமே எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு களமிறங்குவதும், அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுவதும் கூடவே கூடாது. யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல உணர்ந்து, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லையென்றால், தசைநாண் அறுந்திருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அப்போதும் கணுக்காலை ஓரளவு அசைக்க முடியும், நொண்டியபடி நடக்கவும் முடியும். அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டுப் பல வாரம் கழித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால், மருத்துவர் கெண்டைக்காலைப் பிசைந்து பார்ப்பார். தசைநாண் முழுதாக இருந்தால் பாதம் உள்ளங்கால் பக்கமாக அசையும், அறுந்திருந்தால் அசையாது.

அறுபடவில்லை என்று உறுதியானபின், வலி தணியத் தணிய, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். வலிக்கும் காலில் மட்டும் நின்று, மற்றக் காலுக்கு இணையாக 20, 25 முறை உயர்த்த முடிந்த பிறகே இரு கால் குதிப்பு, அடுத்து ஒற்றைக் கால் குதிப்பு, பின்பு அரை வேக ஓட்டம். முழு வேகப் பாய்ச்சல் அதற்கும் அப்பால்தான் என்பதால், அடுத்த மாதப் போட்டிக்கு உங்கள் அணி வேறொருவரை நிறுத்திக்கொள்ளட்டும்.