சங்கத்தைப் பதிவு செய்வதால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது?

"நாலு பேர் சேர்ந்து போய் நிர்வாகத்திடம் பேசினால் போதாதா, சங்கத்தைப் பதிவு வேறு செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேசலாம், தடையில்லை. ஆனால் பதிவு தருகிற பாதுகாப்பு வேறு.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். சென்னையில் இருந்த பின்னி துணி ஆலையில் மதிய இடைவேளைக்குள் சோற்றை விழுங்கி, கை கழுவி, கேட் மூடுவதற்குள் ஓடிவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட குறைகளைப் பேசத்தான் சங்கம். 1920-இல் தகராறு முற்றியபோது நிர்வாகம் நீதிமன்றம் போனது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர் மீது வழக்கு. உயர் நீதிமன்றம் தடையாணையும் கொடுத்தது. உரிமை கேட்டவர்களையே நீதிமன்றத்துக்கு இழுத்த அநியாயம் அது. அதன் எதிரொலியாகவே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள் என்பதற்காக மட்டும் பதிவுபெற்ற சங்கத்தின் மீதும் நிர்வாகிகள் மீதும் நட்டஈட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்றானது.

பதிவு செய்துவிட்டாலே நிர்வாகம் பேச வந்துவிடாது; உறுப்பினர் பலம் வேண்டும். 2020-இன் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், பல சங்கங்கள் உள்ள ஆலையில் குறைந்தது 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு பெற்றதே பேச்சுவார்த்தைச் சங்கம், அதாவது தொழிலாளர்கள் சார்பில் நிர்வாகத்துடன் பேசும் சங்கம்.

பேசி முடித்ததை எங்கே கையெழுத்திடுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். நிர்வாகமும் சங்கமும் தனியே போட்ட ஒப்பந்தம் அந்த இருதரப்பை மட்டுமே கட்டுப்படுத்தும். அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் சமரசத்தின்போது கையெழுத்தானது, சங்கத்தில் சேராதவருக்கும் அடுத்த வருடம் வேலைக்கு வருபவருக்கும் சேர்த்தே செல்லும். முடிந்தவரை இரண்டாவது வழியையே கேளுங்கள்.