காந்தத்தை எடுக்கும் முன்: விண்கல் தேடுவோரும் உலோகம் தேடுவோரும் கேட்டவை

விண்கல் தேடுகிறவர்களும் மெட்டல் டிடெக்டருடன் நிலத்தைத் துழாவுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் காந்தத்தைப் பற்றியவையே. அவற்றை ஒன்றுசேர்த்துப் பதில் எழுதுகிறேன். விண்கல் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும். திரும்பச் சரிசெய்யவே முடியாத சேதம் நடப்பது அங்கேதான்.

கேள்வி: விண்கல் தேடத் தொடங்கப் போகிறேன். இருப்பதிலேயே வலுவானது என்பதால் என்52 நியோடிமியம் காந்தம் வாங்கலாமா?

வேண்டாம். என்35, என்42, என்52 என்ற எண்கள் காந்தப் பொருளில் எவ்வளவு ஆற்றலைத் தேக்க முடியும் என்பதைக் குறிப்பவை. காந்தத்தின் பருமனும் வடிவமும் இழுவிசையைத் தீர்மானிக்கின்றன என்பதால், பெரிய என்35 ஒன்று சிறிய என்52-ஐத் தோற்கடித்துவிடும். ஆனால் உங்களுக்கு இரண்டுமே தேவையில்லை. இரும்பு விண்கல்லையும் உலோகச் செறிவுள்ள கல் விண்கல்லையும் சாதாரண ஃபெரைட் காந்தமே உணர்த்திவிடும். கேள்விக்குப் பதில் தரும் அளவுக்கு எது போதுமோ, அதில் மிகப் பலவீனமானதைத் தேர்ந்தெடுங்கள். அதையும் கடைசியில்தான் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: காந்தம் பட்டால் கல் உடைவதில்லை, கரைவதில்லை. அப்படி என்ன கெட்டுவிடும்?

கல்லின் நினைவு கெட்டுவிடும். பாறை சூடாக இருந்து குளிரும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள், அந்த வேளையில் சுற்றி இருந்த காந்தப்புலத்தின் வலிமையையும் திசையையும் பதிந்துகொள்கின்றன. பூமிக்கு வெளியே உருவான கல்லில் அந்தப் பதிவு நானூறு கோடி ஆண்டுகளுக்கு மேலும் நிலைத்திருக்கக்கூடும். ஒரு சிறுகோளின் மையத்தில் உருகிய உலோகம் சுழன்றதா, செவ்வாய்க்குக் காந்தப்புலம் எப்போது இருந்தது, எப்போது போயிற்று என்ற கேள்விகளுக்கு விடை அந்தப் பதிவில்தான் இருக்கிறது.

இப்போது அளவுகளைப் பாருங்கள். பூமியின் காந்தப்புலம் அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. நியோடிமியம் காந்தத்தின் முகத்தில் புலம் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. அதை ஒருமுறை கல்லில் ஒட்டி எடுத்தால், பழைய பதிவின் மேல் உங்கள் காந்தத்தின் பதிவு எழுதப்பட்டுவிடும். பழையதை எந்த ஆய்வுக்கூடமும் மீட்டுத் தர முடியாது.

இதற்குப் பெரிய சான்று 'பிளாக் பியூட்டி' என்று அழைக்கப்படும் நார்த்வெஸ்ட் ஆப்பிரிக்கா 7034. 2011-இல் மொராக்கோவில் வாங்கப்பட்டு அறிவியலாளர்கள் கைக்கு வந்த செவ்வாய்க் கல் அது. அதிலுள்ள சிர்க்கான் படிகங்கள் சில 440 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. செவ்வாயின் தொடக்கக் காலக் காந்தப்புலத்தை அறிய அதைவிடப் பொருத்தமான கல் அரிது. ஆனால் 2023-இல் வெளியான ஆய்வு, அதோடு ஒரே விழுகையைச் சேர்ந்த கற்களின் காந்தப் பதிவு கைக்காந்தங்களால் அழிக்கப்பட்டுவிட்டதைக் காட்டியது. கண்டெடுத்தவர்களோ விற்றவர்களோ விண்கல்தானா என்று சோதிக்க ஒட்டிப் பார்த்த காந்தம்தான் காரணம். மறுபுறம், 1984-இல் அண்டார்க்டிகாவில் ஆய்வுக் குழுவினர் எடுத்த ஏ.எல்.எச். 84001 என்ற செவ்வாய்க் கல்லில் பழைய காந்தப் பதிவு தப்பியிருக்கிறது. செவ்வாய்க்கு ஒரு காலத்தில் காந்தப்புலம் இருந்தது என்று பேசும்போது அந்தக் கல்லைச் சான்றாகக் காட்ட முடிகிறது. இரண்டும் ஒரே கிரகத்திலிருந்து வந்தவை. கையாளப்பட்ட விதம்தான் வேறு. எனக்கு இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கமாகப் படுவதில்லை. இழப்பு என்றுதான் சொல்வேன்.

கேள்வி: அப்படியானால் காந்தமில்லாமல் எப்படிச் சோதிப்பது?

கண்ணும் கையும் முதலில். புதிதாக விழுந்த கல்லுக்கு மெல்லிய கருந்தோல் இருக்கும். வளிமண்டலத்தில் உருகிய மேற்பரப்பு அது. சில கற்களில், களிமண்ணைப் பெருவிரலால் அழுத்தியது போன்ற ஆழமற்ற குழிகள் தெரியும். உள்ளே காற்றுக் குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் பெரும்பாலும் அது எரிமலைப் பாறை அல்லது உலைக்கசடு. அதே அளவுள்ள சாதாரணக் கல்லைவிடக் கனமாக இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். மெருகு பூசாத பீங்கான் ஓட்டின் பின்புறத்தில் உரசுங்கள்: பூமியின் இரும்புக் கனிமங்களில் மேக்னடைட் கருஞ்சாம்பல் கோடு போடும், ஹேமடைட் செங்காவிக் கோடு போடும், விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. உடைந்த முகம் ஏதாவது இருந்தால் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் பாருங்கள். பளபளக்கும் உலோகத் துகள்களும் சிறு உருண்டைகளும் தென்பட்டால் நல்ல அறிகுறி.

இவ்வளவையும் கடந்த கல்லுக்கு, காந்த ஏற்புத்திறனை, அதாவது கல் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை, அளக்கும் கையடக்கக் கருவி சிறந்தது. அது தரும் புலம் மிக மெலிது, பதிவைக் கலைக்காது. விண்கல்லின் வகையைக்கூட ஓரளவு சொல்லிவிடும். கருவி இல்லாதவர்கள் சிறிய திசைகாட்டியைச் சமதரையில் வைத்து, கல்லைச் சில சென்டிமீட்டர் தள்ளி மெல்ல நகர்த்திப் பாருங்கள். உலோகம் மிகுந்த கல்லானால் முள் அசையும். ஒட்டிப் பார்க்கத் தேவையில்லை.

கேள்வி: என் கல்லைக் காந்தம் பலமாக இழுக்கிறது. விண்கல் என்று உறுதி செய்துகொள்ளலாமா?

முடியாது. காந்தம் இழுக்கும் கற்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பூமியைச் சேர்ந்தவையே: மேக்னடைட், கருங்கல் வகையான பசால்ட், இரும்பாலைக் கசடு, துருப்பிடித்த பழைய இரும்புத் துண்டு. காந்தம் "இரும்பு இருக்கிறது" என்று மட்டுமே சொல்லும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. விண்கல்லின் உலோகத்தில் நிக்கல் கலந்திருக்கும். ஆய்வுக்கூடம் பார்ப்பதும் அதைத்தான்.

கேள்வி: இழுக்கவே இல்லை என்றால் வீசிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். சிறு உருண்டைகள் கொண்ட கல் விண்கற்களுக்குக் காண்டிரைட் என்று பெயர். அவற்றில் சாதாரணக் காண்டிரைட் கற்களிலேயே மூன்று பிரிவுகள் உண்டு. எச் பிரிவில் உலோகம் அதிகம், எல் பிரிவில் குறைவு, எல்எல் பிரிவில் மிகக் குறைவு. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த விண்கல் எல்எல் பிரிவைச் சேர்ந்தது. அத்தகைய கல் காந்தத்துக்கு மெலிதாகவே இசையும். நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்த கற்களில் பலவும் வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து வந்தவையாகக் கருதப்படும் யூக்ரைட்களும் கிட்டத்தட்ட இழுபடாதவை. அரியவை பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. கருந்தோல் தெளிவாக இருக்கிற கல்லைக் காந்தத்தின் சொல்லைக் கேட்டு ஒதுக்காதீர்கள்.

கேள்வி: ஏற்கெனவே நியோடிமியம் காந்தத்தை ஒட்டிவிட்டேன். இனி அந்தக் கல்லுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. வேதியியல் கலவை, ஐசோடோப்புகள், வயது ஆகிய எதுவும் காந்தத்தால் மாறாது. எந்தக் காந்தம், கல்லின் எந்தப் பக்கம், எப்போது என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லுடன் வைத்துவிடுங்கள். ஆய்வுக்குக் கொடுக்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே விழுகையைச் சேர்ந்த பல துண்டுகள் கிடைத்தால், சிலவற்றையாவது காந்தம் தொடாமல் தனியே வைப்பது மிகப் பெரிய உதவி.

கேள்வி: விண்கல் தேட மெட்டல் டிடெக்டரை எப்படி அமைக்க வேண்டும்?

இரும்பைத் தவிர்க்கும் வடிகட்டலை அணைத்துவிடுங்கள். விண்கல்லும் கருவிக்கு இரும்பாகத்தான் கேட்கும். வடிகட்டினால் தேடுவதையே வடிகட்டிவிடுவீர்கள். ஆணிகளும் தகரமும் நிறையக் கூவும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கனிமம் செறிந்த மண்ணில், துடிப்பு துடிப்பாக மின்னோட்டம் அனுப்பித் தேடும் பல்ஸ் இன்டக்‌ஷன் வகை நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: நாங்கள் பழைய நாணயமும் நகையும் தேடுகிறவர்கள். எங்களுக்கும் வலுவான காந்தம் கூடாதா?

உங்களுக்கு அது நல்ல துணை. குழி தோண்டிய பின் சத்தம் நின்றபாடில்லை என்றால், மண்ணில் கலந்த ஆணியையும் கம்பித் துணுக்கையும் காந்தம் ஒரே துழாவலில் எடுத்துவிடும். பிறகும் சத்தம் வந்தால் இரும்பல்லாத ஏதோ உள்ளே இருக்கிறது. தங்கம், வெள்ளி, செம்பு, அலுமினியம், ஈயம் எதையும் காந்தம் இழுக்காது. எனவே "தங்க நாணயம்" காந்தத்தில் ஒட்டினால் அது பூச்சுப் பூசிய இரும்பு. ஆனால் ஒட்டாததெல்லாம் தங்கமும் அல்ல. தேடும்போது காந்தத்தைக் கருவியின் சுருளருகே கொண்டுபோகாதீர்கள். பொய்ச் சத்தம் வரும்.

கேள்வி: ஆற்று மணலை அலசும்போது கருமணல் காந்தத்தில் அப்பிக்கொள்கிறது. எப்படிப் பிரிப்பது?

காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் துழாவுங்கள். வேறு பாத்திரத்தின் மேல் பிடித்துப் பையிலிருந்து காந்தத்தை உருவினால் மேக்னடைட் உதிர்ந்துவிடும். தங்கத் துகளும் மணலோடு சிக்கி வரக்கூடும் என்பதால் உதிர்ந்ததை இன்னொருமுறை அலசுங்கள்.

கேள்வி: 200 கிலோ இழுக்கும் என்று எழுதிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கினோம். பாதி எடைகூட வரவில்லை. ஏமாற்றா?

பெரும்பாலும் இல்லை. அந்த எண், தடித்த, தட்டையான, துருவோ வண்ணமோ இல்லாத இரும்புத் தகட்டை நேராக இழுத்து அளந்தது. நீரடியில் கிடப்பதோ துருவும் சேறும் மூடிய வளைந்த இரும்பு. இடையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வந்தாலே பிடி வெகுவாகக் குறையும். பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கிவிடும், ஏனென்றால் அப்போது உராய்வு மட்டுமே தாங்குகிறது. நீரடியிலிருந்து குண்டு, வெடிபொருள் போன்ற எதுவும் வந்தால் கையால் தொடாமல் விலகி நின்று காவல்துறையை அழையுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: கூரைத் தூசியில் நுண் விண்கல் கிடைக்குமா?

கிடைக்கும். நார்வேயின் ஜாஸ் இசைக் கலைஞர் ஜான் லார்சனும் ஆய்வாளர்களும் நகரக் கூரைகளில் சேர்ந்த படிவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவற்றைப் பிரித்து 2017-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பையிலிட்ட காந்தத்தால் தூசியைத் திரட்டி, கழுவி, சலித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கருப்பு உருண்டைகளில் பெரும்பாலானவை வெல்டிங் பொறியும் தொழிற்சாலைத் தூசியும்தான். பொறுமையே இங்கு முக்கியக் கருவி. இந்த வேலையில் வலுவான காந்தம் பயன்படுத்துவதை நான் குறை சொல்லமாட்டேன். தூசிமலையில் தேட வேறு எளிய வழி இல்லை.

கேள்வி: பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

பெரிய நியோடிமியம் காந்தங்கள் இரண்டு மோதினால் விரலை நசுக்கும், சில்லுகளாகத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் அருகே கொண்டுபோகாதீர்கள். சிறு காந்தங்களைக் குழந்தைகள் விழுங்கினால் குடலைத் துளைக்கும். எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமை இழக்கும், பூச்சு உரிந்தால் துருப்பிடிக்கும். கண்டெடுத்த கற்களை வைக்கும் பெட்டிக்கும் காந்தத்துக்கும் வேறு வேறு பைகள் இருக்கட்டும்.