பிளக்குறதா, ஒட்டிக்கிறதா?

கேள்வி: 'கிளீவ்'னு ஒரு இங்கிலீஷ் வெர்ப். டிக்‌ஷனரில பிளக்குறதுன்னு போட்டிருக்கு, கொஞ்சம் கீழயே ஒட்டிக்கிறதுன்னும் இருக்கு. அச்சுப் பிழையா சார்?

பதில்: பிழையெல்லாம் இல்லீங்க, ரெண்டுமே சரிதான். பழைய இங்கிலீஷ்ல இது ரெண்டு தனி வெர்ப், 'கிளேயோவன்'னா பிளக்குறது, 'கிளிவியன்'னா ஒட்டிக்கிறது, போகப்போக உச்சரிப்பு தேஞ்சு ரெண்டும் ஒரே ஸ்பெல்லிங்ல வந்து நின்னுடுச்சு. பின்னாடி 'டு' வந்தா பெரும்பாலும் ஒட்டிக்கிறதுதான். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல, ஆதியாகமம் 2:24ல, புருஷன் தன் மனைவியோட இசைஞ்சிருப்பான்னு சொல்ற இடத்துல இந்த வெர்ப், 'டு'வுக்குப் பதிலா அந்தக்கால 'அன்டு'வோட (unto) வருது. அங்க போய் பிளக்குறதுன்னு அர்த்தம் எடுத்தா குடும்பமே காலி!

பிளக்குற கிளீவ்தான் கொஞ்சம் படுத்தும். இறந்தகாலத்துக்கு கிளீவ்டு, குளோவ், கிளெஃப்ட்னு மூணும் இருக்கு, ஆனா 'பிளந்த'ன்னு ஒரு பெயருக்கு முன்னாடி வர்ற 'குளோவன்', 'கிளெஃப்ட்' ரெண்டையும் இஷ்டத்துக்கு மாத்திப் போட முடியாது, ஆடு மாட்டோட பிளந்த குளம்பு 'குளோவன் ஹூஃப்', உதட்டுப் பிளவு 'கிளெஃப்ட் லிப்', அத 'குளோவன் லிப்'னு யாரும் சொல்றதில்ல. கறி வெட்டுற பட்டைக் கத்திய கிளீவர்னு சொல்றதும் இதுலேருந்துதான். மைக்கா தகடு தகடா உரிஞ்சு வருதே, ஜியாலஜில அதுக்கும் இதே வெர்ப்தான்.

பேச்சுல ரெண்டையும் அதிகம் கேக்க மாட்டீங்க. ஒட்டிக்கிறதுக்கு 'ஸ்டிக்', பிளக்குறதுக்கு 'ஸ்ப்ளிட்' போட்டுட்டுப் போங்க, இத படிக்கும்போது புரிஞ்சா போதும்.