தூதன் வந்த பிறகும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

என் கணவர் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் வராது, பேச்சும் போய்விட்டது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் உபவாசம், ராத்திரி ஜெபம் என்று எதையும் விடவில்லை. இப்போது முழங்கால் போட்டால் தூக்கம் வருகிறது, இல்லாவிட்டால் அழுகை. “ஆண்டவரே” என்பதற்கு மேல் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. ஜெபக்குழுச் சகோதரிகள், “நீங்க இன்னும் முழுசா ஒப்புக்கொடுக்கல, அதான் சமாதானம் இல்ல. யோபுவைப் பாருங்க” என்கிறார்கள். ஒப்புக்கொடுப்பது என்றால் ‘சுகமாக்கும்’ என்று கேட்பதை நிறுத்துவதா? எனக்கு மனசு வரவில்லை.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு யோபுவைக் காட்டியவர்கள் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்போல. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று சொல்வது அங்கேதான் வருகிறது. 3ஆம் அதிகாரத்தில் அதே மனுஷன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். 31ஆம் அதிகாரம் வரைக்கும் கடவுளோடு வழக்காடுகிறார். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வருவது பக்தியாகப் புத்தி சொன்ன நண்பர்கள்மேல்தான். யோபு என்னைப்பற்றிப் பேசியதே சரி என்கிறார்.

உங்கள் கேள்விக்கு, சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்குத்தான் போகவேண்டும். இயேசு அங்கே முதலில் கேட்டது என்ன? “இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்.” ‘உம்முடைய சித்தத்தின்படியே’ என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. மத்தேயுவில் இன்னும் நுணுக்கமாக இருக்கிறது. முதல் ஜெபத்தில் “நீங்கக்கூடுமானால்” என்கிறார், இரண்டாவதில் “நீங்கக்கூடாதாகில்” என்கிறார். இந்தக் ‘கூடுமானால்’ எப்போது ‘கூடாதாகில்’ ஆனது? யாருக்கும் தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது மட்டும் தெரிகிறது. கேட்காமலே ஒப்புக்கொடுத்திருந்தால் அதற்குப் பெயர் வேறு, களைத்துப்போய்க் கைகழுவுவது.

லூக்காவில் ஒரு தூதன் வருகிறான், அவரைப் பலப்படுத்துகிறான். அடுத்த வரியில் என்ன எதிர்பார்ப்போம்? கலக்கம் தீர்ந்தது, முகம் தெளிந்தது என்றுதானே? “அவர் மிகவும் வியாகுலப்பட்டு, அதிக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணினார்” என்று இருக்கிறது. வேர்வை இரத்தத்துளிபோல விழுந்தது தூதன் வந்துபோன பிறகு. (பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இந்த இரண்டு வசனங்களும் இல்லை. எனக்கென்னவோ இவை இருப்பதில்தான் ஆறுதல்.) வந்த பலம் அழுகையை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே அங்கேயே கிடக்கத்தான் உதவியது. சமாதானம் இல்லை என்பதை வைத்து உங்களுக்குப் பலம் வரவில்லை என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

இதை நான் கற்றது என் அம்மாவிடம். அப்பாவும் இப்படித்தான் கிடந்தார். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும். அம்மா ஒல்லியான உடம்பு. ஒரு கையை அவர் தோளுக்கு அடியிலும் இன்னொன்றை இடுப்புக்கு அடியிலும் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஆள் நிற்பதுபோலச் சொல்வார்: “ஆண்டவரே, கொஞ்சம் பிடிங்க.” புரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு, “சரி, விடுங்க” என்பார். அவ்வளவுதான். அந்த நாட்களில் அம்மா முழங்கால் போட்டு நான் பார்த்ததில்லை. ஜெபத்தை விட்டுவிட்டார் என்றுகூட நினைத்தேன். எனக்கு அப்போது விஷயம் தெரியாது.

அப்பா எழுந்து நடக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலன் பவுலும் தன் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய ஒரு வேதனை நீங்க மூன்று முறை கேட்டார், முள் நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. அந்தப் ‘போதும்’ எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரத்துக்குப் போதும் என்றுதான் வந்தது. அடுத்த புரட்டலுக்கு மறுபடி கேட்கவேண்டியிருந்தது.

“ஆண்டவரே” என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். வார்த்தைக்குள் அடங்காத பெருமூச்சோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8இல் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் நீங்கள் ஒரு வார்த்தை கூடுதலாகவே சொல்லியிருக்கிறீர்கள். சுகமாக்கும் என்று கேட்கத் தோன்றினால் கேளுங்கள். முழங்காலில் தூக்கம் வந்தால் தூங்குங்கள்.

இன்னொன்று. அந்த ராத்திரியில் இயேசு பிதாவிடம் மட்டும் கேட்கவில்லை, மூன்று சீஷர்களிடமும் கேட்டார்: என்னோடு விழித்திருங்கள் என்று. அவர்கள் தூங்கிவிட்டார்கள். யோபுவின் நண்பர்கள் அந்த விஷயத்தில் தேவலை, முதல் 7 நாள் ராவும் பகலும் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. உங்கள் ஜெபக்குழுச் சகோதரிகள் அடுத்த முறை வரும்போது, இந்த வாரம் ஒரு ராத்திரி யாராவது வந்து அவர் பக்கத்தில் இருக்க முடியுமா என்று கேளுங்கள். எப்படிப் புரட்டுவது என்று ஒருமுறை காட்டிக்கொடுத்துவிட்டு, நீங்கள் பக்கத்து அறையில் போய்ப் படுங்கள்.