கிளாசிக்ஸ் மேற்படிப்பு: பெரிய பெயருக்காக வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் கிளாசிக்ஸில், அதாவது பழைய கிரேக்க, ரோமானிய மொழி, இலக்கியப் படிப்பில், பி.ஏ. முடிக்கிறாள், கிரேக்கமும் லத்தீனும்தான் அவள் உலகம். மத்திய மேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் பிஎச்.டி.க்கு இடம் தந்து, படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஐந்து வருடங்களுக்கு ஆண்டுதோறும் 27,000 டாலர் உதவித்தொகையும் தருகிறது. இன்னொரு பிரபலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட எம்.ஏ.; உதவி எதுவும் இல்லை, மொத்தச் செலவு 1,30,000 டாலர். பெயருக்காக வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், வீட்டைத் தொடாதீர்கள்.

இந்தத் துறையில் பிஎச்.டி. மாணவர் கைக்காசு போட்டுப் படிப்பது வழக்கமில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுப்பார். பதிலுக்குக் கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் கிடைக்கும். அந்த இடங்களும் இப்போது குறைகின்றன. 2024 நவம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகம் கிளாசிக்ஸ் உட்பட மானுடக் கலைகள் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் துறைகள் பலவற்றில் அடுத்த கல்வியாண்டுக்கான பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்தி வைத்தது. கையில் வந்த இடத்தை விட்டு எம்.ஏ.வுக்குப் போனால், இரண்டு வருடம் கழித்து இன்னொன்று கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

கடன் கணக்கும் ஒத்துவரவில்லை. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு மேற்படிப்புக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. இன்னும் கிடைக்கும் அரசுக் கடனுக்கு ஆண்டு உச்சவரம்பு 20,500 டாலர். இரண்டு வருடத்துக்கு 41,000. மிச்சம் 89,000 உங்கள் தலையில். அதைப் பள்ளியில் லத்தீன் சொல்லித்தரும் சம்பளத்தில் அடைப்பது லேசில்லை.

அதற்காக பிஎச்.டி. கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம். 27,000 என்பது ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டுக்கா? ஒன்பது என்றால் கோடை மாத வாடகை யார் பொறுப்பு? மருத்துவக் காப்பீடு அதில் சேர்த்தியா? கட்டணத் தள்ளுபடி என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் சில்லறைக் கட்டணங்கள் தனியாக வரும். ரொம்ப முக்கியமாக, ஆறாவது வருடத்துக்குப் பணம் உண்டா? இரண்டு பழைய மொழிகளோடு ஜெர்மனும் பிரெஞ்சோ இத்தாலியனோ படித்துத் தேர்வெழுத வேண்டும். ஐந்தில் முடிப்பவர்கள் குறைவு.

வரி விஷயத்திலும் கவனம் தேவை. கற்பிக்கும் வருடங்களில் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். கற்பிக்காமல் உதவித்தொகை மட்டும் வாங்கும் ஃபெல்லோஷிப் வருடத்தில் பொதுவாகப் பிடிக்க மாட்டார்கள். காலாண்டுக்கு ஒருமுறை அவளே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டியிருக்கும்.

பிள்ளைகள் படிப்புக்காக வரிச்சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கில் மிச்சம் இருந்தால் வாடகை, சாப்பாட்டுக்கு எடுக்கலாம். பல்கலைக்கழகம் கணக்கிடும் செலவு வரம்பைத் தாண்டக் கூடாது. கணக்கு திறந்து 15 வருடம் ஆகியிருந்தால், ஆண்டு வரம்புக்கு உட்பட்டு, மொத்தம் 35,000 டாலர் வரை அவள் பெயரிலுள்ள ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றவும் வழியிருக்கிறது.

உதவித்தொகையோடு வரும் இடத்துக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்குள் இந்தக் கேள்விகளைத் துறைக்கு அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சலை மகளே எழுதட்டும். அப்பா எழுதினால் நன்றாக இருக்காது.